ஒற்றை டிக்: ஓர் அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்த 15 மாதங்கள்

வடசென்னையில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், மாலையில், தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சண்டை என்று வருகிறவர்கள் முன்பெல்லாம் பத்திரத்தையோ நகைச்சீட்டையோ எடுத்து வைப்பார்கள். இப்போது உட்கார்ந்ததும் போனை நீட்டுகிறார்கள். "இத ஒரு தடவ கேளுங்க மேடம், அப்புறம் சொல்லுங்க யார் மேல தப்புன்னு."

அப்படி என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை எழுதவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு 69 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். 1996-ல் ஆலை மூடியபோது மகனுக்கு 16 வயது, மகளுக்குப் பத்து. மகன் பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் கிளீனராகப் போனார். இன்று துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறார். தங்கையை பிளஸ் டூ வரை படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், அவர் வாயால் மட்டும் சொன்னது கிடையாது. தங்கைக்கும் அது நன்றாகத் தெரியும். கோபம் அத்தனை ஆழமாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் பதில் பேசாமல் இருந்தால் அந்த வலி வேறு.

அண்ணன் வியாசர்பாடியில் தரைத்தள வீட்டில் மனைவி, மகன், அம்மாவோடு இருக்கிறார். தங்கை திருவொற்றியூர் தேரடிப் பக்கம், இரண்டாவது மாடியில். கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனாலும் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை கடை உண்டு, அண்ணனுக்கு எந்தக் கிழமை லீவு என்று அவருக்கே தெரியாது. ஆக, போன்தான் அவர்களுக்கு வீட்டுத் திண்ணை.

2021-ல் அப்பா தவறிய பிறகு அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். பெயர் 'அப்பா வீடு'. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 17 பேர்.

அண்ணனும் தங்கையும் போனைப் பயன்படுத்தும் விதமே வேறு. அண்ணன் வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு லாரி வரிசை நின்றால் மணிக்கணக்கில் நிற்கும். அப்போது மொத்தமாகப் பார்ப்பார், எல்லாவற்றுக்கும் ஒரே கட்டைவிரல் போடுவார். தங்கை நாலு வரி, ஐந்து வரி எழுதுகிறவர். பதில் வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். நல்ல காலத்தில் இதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

2023 டிசம்பர் 4 முதல் 7 வரை

மிக்ஜாம் புயல் மழை. 4-ஆம் தேதி விடியும்போதே வியாசர்பாடி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. அண்ணனும் அண்ணியும் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மாடியில் சேர்த்தார்கள். அன்று மதியமே அண்ணனின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது.

தங்கை வீட்டில் வேறு நிலைமை. இரண்டாவது மாடி என்பதால் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் எர்ணாவூரில் இருந்த மாமனார் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்திருந்தது. கணவர் அங்கே போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு தங்கை இருட்டில் தனியாக இருந்தார். 5-ஆம் தேதி சாயங்காலம்தான் சிக்னல் வந்தது. உடனே அண்ணனுக்கு ஒன்பது மெசேஜ். அம்மா எப்படி இருக்கிறார், தண்ணீர் வந்ததா, சாப்பிட்டாரா. ஒன்பதும் ஒற்றை டிக், அதாவது அண்ணனின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

இரவு பத்து மணிக்கு அண்ணியின் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஒரு நாய்க்குட்டியைப் பக்கெட்டில் வைத்துத் தூக்கிப் போகிறார்கள். இருபது விநாடி வீடியோ.

"ஸ்டேட்டஸ் போடறதுக்கு சிக்னல் கீது, சார்ஜ் கீது. அம்மா உசுரோட கீதுன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்ல இல்ல." இதை அவர் என்னிடம் சொன்னது 2025 ஜனவரியில். ஒரு வருஷம் தாண்டியும் சொல்லும்போது கை நடுங்கியது.

11.40-க்கு அண்ணனின் எண்ணுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். ஒரு நிமிடம் 48 விநாடி. அதில் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் கெடுத்தது: "அம்மா செத்தாக்கூட நான் உம் பொண்டாட்டி ஸ்டேட்டஸப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா?"

மறுநாள் காலையில் அதை நினைத்து வருந்தியிருக்கிறார். அப்போதும் ஒற்றை டிக்தான். அனுப்பிய மெசேஜை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இப்போது இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. அவர் அழித்திருக்கலாம். அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கூடப் பார்த்திருக்கிறார். "அழிச்சா, ஏதோ அழிச்சிருக்கான்னு காட்டும் மேடம். இன்னா அழிச்சான்னு அண்ணன் வேற எதையோ நெனச்சிக்கும்." அப்படியே விட்டுவிட்டார்.

7-ஆம் தேதி மாலை அண்ணன் லாரி ஷெட்டுக்குப் போய் வண்டியின் கேபினில் போனைச் சார்ஜ் போட்டார். மூன்று நாளாகச் சேறு அள்ளிய கை. பீரோ, மெத்தை, மகனின் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் போயிருந்தன. போன் உயிர் பெற்றதும் ஒன்றன்பின் ஒன்றாக மெசேஜ் கொட்டியது. எழுத்தில் வந்த ஒன்பதையும் அவர் படிக்கவில்லை. முதலில் குரலைத்தான் கேட்டார், தங்கையின் குரல் என்பதால்.

கேட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பதில் அனுப்பவில்லை. அங்கே தேரடியில், குரல் பதிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் நீலமானதைத் தங்கை பார்த்தார். மெசேஜைப் படித்துவிட்டதாகக் காட்டும் நீல டிக்கை நாம் அணைத்து வைத்துக்கொள்ளலாம். குரல் பதிவைக் கேட்டுவிட்டதை அப்படி மறைக்க வழியில்லை. 'கேட்டுட்டாரு, பதில் இல்ல.' அன்று இரவு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பதிவு போன வழி

இங்கே அண்ணன் செய்தது பெரிய தவறு. அவரே அதை ஒப்புக்கொள்கிறார். அந்தப் பதிவைப் பெரியப்பா மகனுக்கு அனுப்பி, "இவ பேசறதக் கேளு" என்றார். "யார்கிட்டனா சொல்லணும்போல இருந்திச்சி மேடம். வண்டியில வேற யாரு இருந்தாங்க?" பெரியப்பா மகன் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பினார். பத்து நாளில் அது தங்கையின் மாமியார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே 'ஃபார்வர்டு' என்று மட்டும் இருந்தது. யார் குரல் என்று சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்குள் கத்திய கத்தல் காற்றோடு போயிருக்கும். எதிரில் நின்று சொல்லியிருந்தால், சொல்லி முடிப்பதற்குள் அம்மா குறுக்கே வந்திருப்பார், அண்ணி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருப்பார், அழுது முடித்திருப்பார்கள். பதிவான குரலோ ஒவ்வொரு முறையும் முதல் தடவை மாதிரியே கத்தியது. அண்ணன் தனியாக இருந்தபோதெல்லாம் எத்தனை தடவை கேட்டார் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். கடைசி வாக்கியம் வரை அதே ஏற்ற இறக்கத்தோடு எனக்குச் சொல்லிக் காட்டினார்.

தங்கை குரூப்பிலிருந்து விலகினார். 2022-லிருந்து ஒருவர் விலகினால் அது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற உறவினர்கள் கவனிக்கவில்லை. அட்மினான அண்ணனுக்கு மட்டும் தெரிந்தது. 'அப்பா வீடு' என்ற பெயருக்குக் கீழே தங்கை விலகினார் என்ற வரி.

பத்திரிகை

2024 ஆகஸ்டில் தங்கையின் மூத்த மகள் வயதுக்கு வந்தாள். செப்டம்பரில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் இல்லாமல் நம்மிடம் அந்தச் சடங்கு இல்லை. வெற்றிலை பாக்கு, பழம், பூ என்று தட்டோடு நேரில் போய்த்தான் மாமனை அழைக்க வேண்டும்.

ஒரு நாள் இரவு பத்தரைக்கு, தங்கை கணவரின் எண்ணிலிருந்து அண்ணனின் போனுக்குப் பத்திரிகை படமாக வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. "கூப்பிடலன்னு நாளைக்கி யாரும் பேசிடக்கூடாதுன்னு அவரு அனுப்புனாரு. அண்ணன் மொதல்ல ஒரு போன் பண்ணட்டும், தட்டு எடுத்துக்கினு ஓடிப்போறேன்னு நான் இருந்தேன்" என்றார் தங்கை.

அண்ணி அந்தப் பெண்ணுக்கு எடுத்த பட்டுப் பாவாடையும் தாவணியும் அப்போதே பீரோவில் இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய புது பீரோ, அதில் முதலில் வைத்த நல்ல துணி அதுதான். அண்ணன் போகவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் சீர்த்தட்டோடு நின்றார். அந்தப் புகைப்படத்தை அண்ணன் வேறொரு உறவினரின் ஸ்டேட்டஸில் பார்த்தார்.

அம்மா மட்டும் போய், ஓரமாக உட்கார்ந்திருந்து, சாயங்காலமே திரும்பினார்.

என்னிடம் வந்தது

2025 பொங்கல் முடிந்த வாரம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை வாங்க வந்த அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, மாத்திரையும் ஒழுங்காகப் போடுவதில்லை என்று கவனித்த செவிலியர் என்னிடம் அனுப்பினார். மருந்தின் பொறுப்பை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் கூட இருந்தால் தாய் எப்போதும் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டே பேசுவாள்.

அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் விரிசல். படிக்கத் தெரியாதவர் வாட்ஸ்அப்பை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று காட்டச் சொன்னேன். பெயரைப் பார்ப்பதில்லை. வட்டத்துக்குள் இருக்கும் முகத்தைப் பார்ப்பார். முகத்தைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பேசுவார். சண்டைக்குப் பிறகும் மகளுக்கு அப்படித் தினமும் பேசி அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், மகனுக்குத் தெரியாமல்.

"அப்புறம் நிறுத்திட்டீங்களாம்மா?"

"அவதான் பூட்டாளே. படத்தயே எடுத்துட்டா. போன்லேர்ந்தே பூட்டா."

போனை வாங்கிப் பார்த்தேன். சடங்கு முடிந்த அடுத்த மாதம் மகள் தன் புகைப்படத்தை எடுத்துவிட்டு ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்திருந்தார். அவ்வளவுதான். பேச்சு வராததால் அந்த வட்டம் கீழே கீழே இறங்கி, அம்மா தேடும் இடத்தில் இல்லாமல் போயிருந்தது. மூன்று மாதம் அம்மா மகளை அந்தப் போனில் தேடியிருக்கிறார். மருமகளிடம் கேட்க மனசு வரவில்லை. பேரனிடம் கேட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவான்.

"இந்த விளக்குதாம்மா உங்க பொண்ணு" என்று காட்டினேன். நம்பவில்லை. பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டேன். மகளின் குரல் வந்ததும் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு மைக்கை அழுத்தினார். ஒன்றும் பேசவில்லை. பத்து விநாடி அப்படியே அழுத்திக்கொண்டிருந்துவிட்டு விரலை எடுத்தார். போய்விட்டது.

அந்தப் பத்து விநாடியைத் தங்கை கடையில் நின்றபடி கேட்டிருக்கிறார். என் அறையின் ஃபேன் சத்தமும் அம்மா மூச்சு விடும் சத்தமும். மேலாளரிடம் சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாராம். அம்மா பதிவு அனுப்புவதை நிறுத்தியது அண்ணன் சொல்லித்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

கவனித்தவை

அடுத்த பத்து நாளில் அண்ணனையும் தங்கையையும் தனித்தனியாக இரண்டு முறை பார்த்தேன். இருவரும் போனை நீட்டினார்கள். அந்தப் பதிவை நான் கேட்க மறுத்தேன். நான் கேட்டால் தீர்ப்பு சொல்லும் இடத்துக்குப் போய்விடுவேன். அதோடு, அந்தப் பதிவைக் கேட்ட ஆட்களின் கணக்கில் இன்னும் ஒருவர் கூட வேண்டாம் என்று தோன்றியது. என்ன சொன்னீர்கள் என்று தங்கையிடமும், என்ன கேட்டீர்கள் என்று அண்ணனிடமும் வாயால் சொல்லச் சொன்னேன். அண்ணன் சொன்னதில் 'அம்மா செத்தா' இருந்தது, 'தெரிஞ்சிக்கணுமா' என்ற கேள்வி இல்லை. அவருக்கு அது சாபமாகக் கேட்டிருக்கிறது. வெள்ளத்திலிருந்து அம்மாவைத் தூக்கிக் காப்பாற்றிய மூன்றாம் நாள் அந்தக் காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

தங்கைக்குத் தெரியாதது: நாற்காலி, எதிர்வீட்டு மாடி, போன் அணைந்தது. அண்ணனுக்குத் தெரியாதது: எர்ணாவூர் எண்ணெய் வெள்ளம், தங்கை இருட்டில் தனியாக இருந்தது. "தண்ணி வடிஞ்சி ஒரு வாரம் ஆச்சி, எட்டிப் பாத்தாளா?" என்று கோபப்பட்டவருக்கு, அந்த ஒரு வாரமும் தங்கை மாமியார் வீட்டுச் சுவரில் அப்பிய எண்ணெயை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. இதெல்லாம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு தடவை நேரில் பார்த்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் வந்து விழுந்திருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், டிக்காகவும் ஸ்டேட்டஸாகவும். அதனால் நிலவரம் தெரியும் என்றே நம்பினார்கள்.

முதல் முடிவு, அது தவறிய விதம்

ஜனவரி கடைசியில் நான் ஒரு முடிவெடுத்தேன். நேரில் சந்திக்க இருவரும் தயங்கினார்கள். அப்படியானால் தங்கை முதலில் ஒரு மெசேஜ் அனுப்பட்டும், சின்னதாகத் தொடங்கலாம் என்று சொன்னேன். காரணம் இருந்தது. எழுத்து என்றால் யோசித்து எழுதலாம், குரல் உயராது.

தங்கை அனுப்பினார்: "சாரிண்ணா. அன்னிக்கி பயத்துல பேசிட்டேன்." அந்த இரண்டு வாக்கியத்தை எழுத ஒரு மணி நேரம் ஆனதாம். நாலு மணி நேரம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

துறைமுக வாசலில் வரிசையில் நின்றபோது பார்த்திருக்கிறார். அவருக்கு அது 'சரிம்மா, விடு'. கண் கலங்கியது என்றுகூட என்னிடம் சொன்னார். தங்கைக்கு அது, 'இத்தன மாசத்துக்கு இதுதான் உனக்கு'. மறுபடி மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. அம்மாவுக்குப் பதிவு அனுப்புவதையும் இரண்டு நாள் நிறுத்திவிட்டார்.

இந்தத் தவறு என்னுடையது. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குத் தெரியும். மின்னஞ்சலில் எழுதுகிறவர், தான் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது படிப்பவருக்கும் புரிந்துவிடும் என்று உண்மையைவிட அதிகமாக நம்புகிறார் என்பது அதன் முடிவு. எழுதும்போது தன் குரல் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது, எதிராளிக்கு அது கேட்காது. இதைப் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும், தொனியால் வந்த காயத்துக்குத் தொனியே இல்லாத மருந்தைக் கொடுத்தேன். ஒரு பொம்மை விரலை நம்பி ஒரு பெண்ணை ஒரு மணி நேரம் எழுத வைத்தேன்.

சுவர்

மறுபடி அண்ணியைப் பார்க்கப் போனேன். மறுபடி என்று சொல்வதுகூடத் தப்பு, அதுவரை அவரை நான் தனியாகப் பார்த்திருக்கவே இல்லை. இந்தச் சண்டையில் எல்லோர் வாயிலும் அவர் பெயர் அடிபட்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"மொட்டமாடியில நின்னா ஒரு புள்ளி சிக்னல் வந்திச்சி. சார்ஜ் ஆறு பர்சன்ட். எங்க அம்மா வீடு, இவங்க தங்கச்சி, சித்தி வீடு, எல்லாருக்கும் தனித்தனியா சொல்ல முடியாது. ஒரு ஸ்டேட்டஸப் போட்டா, ஒரு வீடியோ எடுத்துப் போடற நெலமையில இருக்கோம், நல்லா இருக்கோம்னு எல்லாரும் தெரிஞ்சிப்பாங்கன்னு போட்டேன். போட்டதும் அணைஞ்சி போச்சி."

அவர் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பிய ஒரே சேதி அது. நாத்தனாருக்கும் சேர்த்து. அதைத்தான் நாத்தனார் அலட்சியம் என்று படித்தார்.

இதை நானே தங்கையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் சொன்னால் அது இன்னொரு ஃபார்வர்டு. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அதுவும் என் அறையில் இல்லாமல் வியாசர்பாடி வீட்டில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க வாருங்கள் என்ற மாதிரிப் பொய் எதுவும் சொல்லவில்லை. "அண்ணன் வீட்டுக்கு என்கூட வர்றீங்களா?" என்று நேராகவே கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணனிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். போன்கள் எல்லாம் சமையலறை மேடையில் இருக்கும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. தங்கை கடையில் லீவு சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் முழம் மல்லிகையோடும் வந்தார். வாசலில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணி "வா" என்றார். உள்ளே போனதும் தங்கை உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளையடிக்கப் பணம் இல்லாமல் அந்தச் சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, வீட்டைச் சுற்றி ஓடியது. தங்கை போய் அதன்மேல் கையை வைத்தார். அவருடைய மார்பளவு இருந்தது. பக்கத்தில் அம்மாவின் கட்டில். கட்டில் அந்தக் கோட்டுக்கு இரண்டடி கீழே.

"இவ்ளோவா வந்திச்சி?"

"அம்மாவ நாற்காலியோட தூக்கினோம்" என்றார் அண்ணன். 15 மாதத்தில் தங்கையிடம் அவர் பேசிய முதல் வாக்கியம்.

நான் பேச வேண்டிய தேவையே வரவில்லை. அண்ணி ஆறு பர்சன்ட் கதையைச் சொன்னார். தங்கை எர்ணாவூர்க் கதையைச் சொன்னார். "எனக்கு ஏம்மா சொல்லல?" என்று அண்ணன் கேட்டார், தங்கை அழுதார். "நீ எங்கண்ணா கேட்ட?" என்றார். அண்ணனும் அழுதார். பதிவைப் பெரியப்பா மகனுக்கு அனுப்பியதை அவரே எடுத்துச் சொல்லி, "அது தப்பு பாப்பா, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். தங்கை அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல வைக்க நானும் முயலவில்லை. அண்ணி வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

கிளம்பும்போது அண்ணி பீரோவைத் திறந்து அந்தப் பட்டுப் பாவாடையை எடுத்துக் கொடுத்தார். பெண் அதற்குள் வளர்ந்துவிட்டாள். பாவாடையைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பிறகு

அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு முறை சேர்ந்து உட்கார்ந்தோம். அவர்களாகவே சில ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் போன் செய்வார், தங்கை எடுக்காவிட்டால் திங்கள் காலை. கோபம் வந்தால் எழுதக் கூடாது, குரல் பதிவும் கூடாது, அழைத்துக் கத்தலாம். தங்கை தன் முகத்தையே மறுபடி படமாக வைத்தார். இனி அதை மாற்றுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குரூப்பில் மறுபடி சேரவில்லை. அண்ணனும் வற்புறுத்தவில்லை.

ஆடியில் அண்ணன் சீர்த்தட்டோடு திருவொற்றியூருக்குப் போனார். சடங்குக்குச் செய்யாததை இதில் சரிக்கட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். மச்சானும் அவரும் இன்னும் அளந்துதான் பேசுகிறார்கள். நாத்தனாரும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள், எனக்கே அது ஆச்சரியம். பெரியப்பா மகனோடு தங்கைக்குப் பேச்சு இல்லை. அந்தப் பதிவு இன்னும் யார் யார் போனில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கை அதை மறக்கவில்லை.

அந்த ஆண்டு பருவமழையில் ஒரு நாள், கனமழை எச்சரிக்கை வந்த மாலையிலேயே அண்ணன் ஷேர் ஆட்டோவில் அம்மாவைத் தேரடியில் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் கழித்துத் தங்கை என்னிடம் சொன்னார்: "ராத்திரி அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன் மேடம். ஒத்த டிக்குதான். அம்மா பக்கத்துல தூங்கினு இருந்துது. நானும் தூங்கிட்டேன்." இப்போது அவர் வீட்டு தினசரி காலண்டரின் அட்டையில் வியாசர்பாடி எதிர்வீட்டு மாடிக்காரரின் எண் பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறது.

இனி மாற்றிச் செய்வது

ஒன்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: முதல் மன்னிப்பை இனி யாரையும் எழுத்தில் கேட்க வைக்கமாட்டேன். குறைந்தது அழைப்பு, முடிந்தால் நேர். நேரில் முடியவே முடியாத தூரத்தில் இருப்பவர்கள் என்றால் வீடியோ அழைப்பு, நானும் கூட இருப்பேன்.

அண்ணியை முதல் வாரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். எந்த மெசேஜால் சண்டை தொடங்கியதோ, அதை அனுப்பிய ஆளிடம் அந்த நேரத்தில் என்ன நிலைமை, எங்கே நின்றீர்கள், சார்ஜ் எவ்வளவு என்று கேட்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். அற்பக் கேள்வி மாதிரி இருக்கும். பாதிப் பூட்டு அதில் திறந்துகொள்கிறது. வயதானவர்கள் வந்தால் போனை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்கிறேன். குத்துவிளக்கை அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குழந்தைகளை நான் கவனிக்கவே இல்லை. இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அண்ணன் மகனுக்கு 14 வயது. அத்தை பெண்கள் இருவரோடும் தினமும் ராத்திரி போனில் சேர்ந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தவன். அப்பா அந்தப் பதிவை வீட்டில் வைத்துக் கேட்டபோதெல்லாம் அவனும் கேட்டிருக்கிறான். ஒரு நாள் இரண்டு பேரையும் பிளாக் செய்துவிட்டான். பெரியவர்கள் வஞ்சிரம் குழம்பு சாப்பிட்ட அன்று அவன் விளையாடப் போயிருந்தான், யாரும் அவனைத் தேடவில்லை. ஆடிச் சீருக்கும் அவன் போகவில்லை. பிளாக் அப்படியேதான் இருக்கிறது என்று அண்ணி போன மாதம் சொன்னார். வரும் சனிக்கிழமை அவனை என் அறைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.